மருந்தின் பெயரும் மருந்தின் விலையும்

மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்றார் வள்ளுவர். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அதனை அருகிருந்து அளிப்பவன் என்பன அந்நான்கு. இக்காலத்தில் ஐந்தாவதாக ஒன்றும் வந்து சேர்ந்துவிட்டது. மருந்துச் சீட்டை நீட்டியதும் கடைக்காரர் கூட்டிச் சொல்லும் தொகையே அது. நோயாளி இருக்கிறான், கைதேர்ந்த மருத்துவர் இருக்கிறார், மருந்து கண்ணாடி அலமாரியில் இருக்கிறது, வேளை தவறாமல் எடுத்துக் கொடுக்கத் தாயோ தாரமோ இருக்கிறாள். ஆயினும் அந்த ஐந்தாவது கூறு இசையாவிடில் ஏனைய நான்கும் இருந்தும் இல்லாதவையே ஆகின்றன.

ஊரிலிருந்து முதிய பெற்றோரை அழைத்து வந்து உடன் வைத்துக் காக்கும் குடும்பங்கள் நம் சங்கத்தில் பல உள்ளன. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் அவர்கள் உண்ணும் மாத்திரைகளுக்கு, வீட்டு வாடகையைப் போல, மாதந்தோறும் ஒரு தொகை தவறாது சென்றுகொண்டிருக்கிறது. வாடகையையாவது வீட்டுக்காரரிடம் பேசிப் பார்க்கலாம். மாத்திரையின் விலையை யாரிடம் சென்று பேசுவது? அதனை யார் வகுத்தார்? எதைக் கொண்டு வகுத்தார்?

இக்கேள்விகளை ஒரு சிறிய நாடு 50 ஆண்டுகளுக்கு முன்னர்த் துணிந்து எழுப்பியது. விடையும் கண்டது. கண்ட விடையைக் காத்துக்கொள்ள இயலாமல் பின்னர் இடர்ப்பட்டது. அந்நாடு நமக்கு அயல் நாடாயினும் அந்நியமன்று. கடல் கடந்த இலங்கையே அது. அதன் வரலாற்றை நம் குடும்பத்தினர் அறிந்திருத்தல் நலம் என்று கருதியே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

மருந்து ஒன்று, பெயர் பல

முதலில் ஒரு செய்தியைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒவ்வொரு மருந்துக்கும் உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட பொதுப்பெயர் ஒன்று உண்டு. காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் நாம் விழுங்கும் மாத்திரையின் பொதுப்பெயர் பாராசிட்டமால். ஆனால் அப்பெயரைச் சொல்லிக் கேட்போர் சிலரே. நம் நாட்டில் குரோசின் என்றும் கால்பால் என்றும் கேட்கிறோம். இலங்கையிலோ பனடோல் என்னும் வணிகப்பெயரே அம்மாத்திரைக்கு வீட்டுப் பெயராகிவிட்டது. உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றே. மேலே ஒட்டிய பெயர்தான் வேறு.

ரயில்வே பார்சல் அலுவலகத்தில் மருந்துப் பெட்டி ஒன்று வந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் எடையையும் அது செல்லவேண்டிய தூரத்தையும் பார்த்துக் கட்டணம் விதிக்கிறோம். பெட்டிக்குள் இருக்கும் மாத்திரை புகழ்பெற்ற நிறுவனத்தினுடையதா, பெயர் தெரியாத நிறுவனத்தினுடையதா என்று தராசு கேட்பதில்லை. ஆனால் அதே இரண்டு பெட்டிகளும் கடையில் பிரிக்கப்பட்டவுடன் ஒன்றன் விலை மற்றொன்றைப் போல் இருமடங்கு, மும்மடங்கு ஆகிவிடுவதுண்டு. இந்த வேறுபாட்டின் பெரும்பகுதி மருந்துக்காக அன்று. பெயரைப் பரப்புவதற்கு ஆன செலவுக்காகவும் அப்பெயர் தரும் இலாபத்திற்காகவுமே.

இதில் வேறொரு நுட்பமும் உண்டு. பிற பொருளை வாங்குவோன் தானே தேர்ந்து, தானே பணம் கொடுத்து, தானே நுகர்கிறான். புடவை பிடிக்கவில்லையென்றால் அடுத்த கடைக்குப் போகலாம். மருந்திலோ தேர்ந்தெடுப்பவர் மருத்துவர், பணம் கொடுப்பவர் குடும்பத்தலைவர், உண்பவர் நோயாளி. தேர்ந்தெடுப்பவருக்குச் செலவில்லை, செலவு செய்பவருக்குத் தேர்வில்லை. ஆகவேதான் மருந்து நிறுவனத்தின் பிரதிநிதி நம் வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை. மருத்துவரின் அறைவாயிலில் காத்திருக்கிறார்.

சிறு நாட்டின் இக்கட்டு

பெரிய நாடு பெருமளவில் வாங்கும். பேரம் பேசும் வலிமை அதற்கு இயல்பாகவே அமையும். சிறு நாட்டுக்கு அவ்வலிமை ஏது? 1971ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இலங்கையின் மக்கள் தொகை ஏறத்தாழ 1 கோடியே 27 இலட்சம். அத்தீவுக்கு வேண்டிய மருந்துகளில் மிகப் பெரும்பகுதி கப்பலேறி வந்தது. அவற்றுக்கு விலை கொடுக்க அந்நியச் செலாவணி வேண்டும். அச்செலாவணியைத் தந்தவை தேயிலையும் ரப்பரும் தென்னையும். அவற்றுள் தலையாயது தேயிலை. மலைச்சரிவுகளில் பனியிலும் மழையிலும் நின்று கொழுந்து பறித்தவர்களோ, தமிழ்நாட்டிலிருந்து சென்று குடியேறிய நம் மக்களின் வழித்தோன்றல்கள். அவர்கள் கிள்ளிய கொழுந்தே கப்பலேறிச் சென்று மருந்தாகத் திரும்பி வந்தது என்று சொன்னால் மிகையாகாது.

இலங்கை அரசாங்கம் 1951ஆம் ஆண்டு முதற்கொண்டு அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றி மருத்துவம் அளித்து வந்தது. வறியவர் உயிர் காத்த பெருமை அதற்கு உண்டு. எனினும் அரசு மருத்துவமனைக்கு வெளியே தனியார் வணிகம் தன் போக்கில் நடந்துகொண்டிருந்தது. ஒரே மருந்தைப் பல நிறுவனங்கள் பல பெயர்களில் கொண்டுவந்து குவித்தன. பயன் ஐயத்திற்குரிய கலவைகளும் டானிக்குகளும் அவற்றோடு சேர்ந்து வந்தன. தேயிலை விலை உலகச் சந்தையில் தளர்ந்து, செலாவணி அருகிவந்த காலத்திலும் இந்த வீண்செலவு குறையவில்லை.

ஒரு பேராசிரியரின் பட்டியல்

இந்நிலையை மாற்ற முன்வந்தவர் டாக்டர் சேனக பிபிலே. 1920இல் பிறந்தவர். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர். மருந்தியலில் இலங்கையின் முதற் பேராசிரியராக விளங்கியவர். பேராதனை மருத்துவப் பீடத்திற்குத் தலைமை வகித்தவர். இடதுசாரிக் கொள்கையினர். ஆயினும் அவர் கையிலெடுத்த கருவி முழக்கமன்று, பட்டியல்.

எந்த நோய்க்கு எந்த மருந்து இன்றியமையாதது? ஒரே வேலையைச் செய்யும் பத்து மருந்துகளுள் எது பயனிற் சிறந்தது, தீங்கிற் குறைந்தது, விலையில் எளியது? இவ்வாறு வினவி, வேண்டாதவற்றைக் களைந்து, வேண்டுவனவற்றைப் பொதுப்பெயரால் வரிசைப்படுத்துவதே அவர் முறை. 1950களின் இறுதியிலிருந்தே அரசு மருத்துவமனைகளுக்கு இத்தகைய மருந்துக் கோவை ஒன்றை உருவாக்கும் பணியில் அவர் ஈடுபட்டிருந்தார். மருத்துவமனையில் பலித்த முறை நாடு முழுவதற்கும் ஏன் பலிக்காது என்பதே அவரது கேள்வி.

1971ஆம் ஆண்டில் அவரும், மருத்துவரும் கம்யூனிஸ்டுக் கட்சித் தலைவருமான டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் இணைந்து அரசாங்கத்திற்கு ஓர் அறிக்கை அளித்தனர். அதன் விளைவாக அவ்வாண்டிலேயே அரசாங்க மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. பிபிலேயே அதன் முதல் தலைவரானார். நாட்டில் இறக்குமதியான 2,100 அளவிலான மருந்துகள் ஆராயப்பட்டு ஏறத்தாழ 600 ஆகக் குறைக்கப்பட்டன. இக்குறைப்பினால் நோயாளி இழந்தது மருந்தையன்று, மருந்தின் மிகைப்பெயர்களையே.

டெண்டர் செய்த அற்புதம்

அடுத்த படி கொள்முதல். டெண்டர் என்னும் சொல் ரயில்வேக் குடும்பங்களுக்குப் புதிதன்று. திருகாணி முதல் சீருடைத் துணி வரை அம்முறையிலேயே வாங்கப்படுவதை நாம் அறிவோம். அம்முறையை மருந்துக்கும் கொண்டுவந்தார் பிபிலே. பல இறக்குமதியாளர் தனித்தனியே சிறுகச் சிறுக வாங்கியதை மாற்றி, நாடு முழுவதற்கும் வேண்டியதைக் கூட்டுத்தாபனம் ஒன்றே மொத்தமாகக் கேட்டது. இன்ன நிறுவனத்தின் இன்ன பெயருடைய மாத்திரை என்று கேட்கவில்லை. இன்ன பொதுப்பெயருடைய மருந்து, இன்ன தரம், இத்தனை இலட்சம் என்று உலகச் சந்தையில் கேட்டது.

விடை வியப்பளித்தது. முன்னர் வாங்கிய விலையைவிடப் பன்மடங்கு குறைந்த விலைக்கு அதே மூலப்பொருள்களைத் தருவதற்கு வேறு நாட்டு நிறுவனங்கள் முன்வந்தன. சிறு நாட்டுக்குப் பேரவலிமை இல்லை என்பது முழு உண்மையன்று. சிதறி வாங்கும் சிறு நாட்டுக்கே அது இல்லை என்பது தெளிவாயிற்று. ஒரே குரலில் கேட்கும் சிறு நாடு, பெரிய வணிகரையும் திரும்பிப் பார்க்கச் செய்யும்.

மக்களுக்கு நேரே விற்பதற்குக் கூட்டுத்தாபனம் தன் சொந்த மருந்துக் கடைகளையும் திறந்தது. ஒசுசல என்னும் சிங்களப் பெயர் தாங்கிய அக்கடைகள் இன்றும் இலங்கை நகரங்களில் உள்ளன. மருத்துவர்களுக்கு விளம்பரத் தாளுக்கு மாற்றாக, மருந்தின் குணத்தையும் குறையையும் நடுநின்று சொல்லும் செய்தித் தாள்களும் அனுப்பப்பட்டன. தேர்ந்தெடுப்பவர் அறிந்து தேர்ந்தால்தான் செலவு செய்பவர் பிழைப்பார் என்பதைப் பிபிலே உணர்ந்திருந்தார்.

எழுந்த எதிர்ப்பு

இலாபம் குறைந்தவர்கள் வாளாவிருப்பார்களா? மலிவான மருந்து மட்டமான மருந்து என்னும் பேச்சு பரவியது. தாம் விரும்பிய மருந்தை எழுதும் உரிமை பறிபோகிறது என்று மருத்துவர் சிலர் வருந்தினர். அவர்கள் கூறிய அனைத்தையும் தன்னலம் என்று தள்ளிவிடல் முறையன்று. தரம் பார்க்காமல் மலிவை மட்டும் பார்ப்பது உயிரோடு விளையாடுவதாகும். எனவே வந்த மருந்தைச் சோதித்து ஏற்றுக்கொள்ளும் ஆய்வுக்கூடமும் அத்திட்டத்தின் உயிர்நாடிகளுள் ஒன்று. தரச்சோதனை இல்லாத மலிவு நிலைக்காது.

1974ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று இப்போராட்டத்தின் இயல்பை விளக்கும். நாட்டில் வாந்திபேதி பரவியது. டெட்ராசைக்கிளின் என்னும் மருந்து உடனே தேவைப்பட்டது. கூட்டுத்தாபனம் வேறோரிடத்தில் வாங்கிய மூலப்பொருளைக் கொடுத்து, அதனைக் குளிகையாக அடைத்துத் தருமாறு, இலங்கையில் தொழிற்சாலை வைத்திருந்த ஓர் அமெரிக்க நிறுவனத்தைக் கேட்டது. அந்நிறுவனம் இணங்கவில்லை. அதன் தொழிற்சாலையை அரசுடைமையாக்கலாமா என்னும் பேச்சு எழுந்தபோது, அமெரிக்கத் தூதரே பிரதமரிடம் நேரில் தலையிட்டார். பிபிலேயும் பொருளியல் அறிஞர் சஞ்சய லாலும் சேர்ந்து எழுதி 1977இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரை இதனைப் பதிவு செய்துள்ளது. ஒரு குளிகையின் பின்னே எத்தனை பெரிய கைகள் இருக்கின்றன என்பதை எண்ணிப் பாருங்கள்!

பட்டியல் உலகம் சென்றது

1977ஆம் ஆண்டு மூன்று நிகழ்ச்சிகளால் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டின் நடுவில் இலங்கையில் ஆட்சி மாறியது. புதிய அரசாங்கம் திறந்த வணிகக் கொள்கையை மேற்கொண்டது. தனியார் சந்தைக்கான மருந்து இறக்குமதியில் கூட்டுத்தாபனத்துக்கு இருந்த தனியுரிமை நீங்கியது. வணிகப்பெயர்கள் மீண்டும் அலமாரிகளை நிறைத்தன.

அவ்வாண்டுச் செப்டம்பரில், ஐக்கிய நாடுகள் அமைப்பின் பணியை மேற்கொண்டு தென்னமெரிக்க நாடாகிய கயானாவுக்குச் சென்றிருந்த பிபிலே அங்கேயே காலமானார். அவருக்கு வயது 57.

அதே ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனம் இன்றியமையா மருந்துகளின் முதற் பட்டியலை வெளியிட்டது. 200 அளவிலான மருந்துகள் அதில் இடம்பெற்றன. எல்லா நாட்டுக்கும் எல்லா மருந்தும் வேண்டுவதில்லை. தேர்ந்த சில போதும் என்னும் கருத்துக்கு உலகின் ஒப்புதல் கிடைத்தது. இலங்கையின் அனுபவம் அக்கருத்துக்கு உரமூட்டியவற்றுள் ஒன்று. வங்காள தேசம் 1982இல் தன் மருந்துக் கொள்கையை வகுத்தபோதும் இதே நெறியே பின்பற்றப்பட்டது. வீட்டில் அணைக்கப்பட்ட விளக்கு ஊரில் ஏற்றப்பட்டது என்றே கூறலாம்.

இலங்கையிலும் அது முற்றும் அணைந்துவிடவில்லை. அரசு மருத்துவமனைகளுக்கு மொத்தமாக வாங்கும் பணியைக் கூட்டுத்தாபனம் தொடர்ந்தது. 1987இல் ஜப்பானிய உதவியுடன் மருந்து உற்பத்திக்கென்றே தனியாக ஓர் அரசுக் கூட்டுத்தாபனம் தோன்றியது. இரத்மலானையில் அதன் தொழிற்சாலை அமைந்தது. நெடுங்காலக் கோரிக்கைக்குப் பின் 2015இல் தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகார சபைச் சட்டம் நிறைவேறியது. 2016ஆம் ஆண்டு அக்டோபரில் 48 மருந்துகளுக்கு உச்ச விலை விதிக்கப்பட்டது.

2022 காட்டிய உண்மை

விலையைச் சட்டத்தால் கட்டலாம். ஆனால் வாங்குவதற்குப் பணமில்லையேல் சட்டம் என்ன செய்யும்? 2022ஆம் ஆண்டில் இலங்கை இதனைக் கண்ணீரோடு கண்டது. நாட்டின் மருந்துத் தேவையில் 80 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதியைச் சார்ந்திருந்தது. அந்நியச் செலாவணி வற்றியது. மார்ச்சுத் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 200 ரூபாய் அளவில் இருந்த மாற்று வீதம் மே மாதத்தில் 360 ரூபாயை எட்டியது. ஏப்ரலில் அந்நாடு வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது.

உச்ச விலையை அப்படியே வைத்தால் இறக்குமதியாளர் மருந்தைக் கொண்டுவர மறுப்பர். உயர்த்தினால் நோயாளி வாங்க மாட்டான். அரசாங்கம் உயர்த்தியது. மார்ச்சில் 29 விழுக்காடு. ஏப்ரல் இறுதியில் 60 மருந்துகளுக்கு 40 விழுக்காடு. கணக்கிட்டுப் பாருங்கள்: இவ்விரு உயர்வுக்கும் உட்பட்ட மருந்து முன்னர் 100 ரூபாயென்றால், இரண்டே மாதத்தில் 180 ரூபாய்க்கு மேல் ஆகியிருக்கும். சம்பளம் அவ்வாறு உயருமா? பிபிலே மருத்துவம் கற்பித்த அதே பேராதனையில், மருந்து போதாமையால், முன்னரே நாள் குறித்த அறுவைச் சிகிச்சைகள் மார்ச்சு இறுதியில் நிறுத்திவைக்கப்பட்டன.

அந்நாளில் இந்திய அரசாங்கம் உணவு, மருந்து முதலியவற்றை வாங்குவதற்கென 100 கோடி டாலர் கடன் வசதி அளித்திருந்தது. தமிழ்நாட்டு அரசாங்கம் மே மாதத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து அரிசியும் பால்மாவும் உயிர்காக்கும் மருந்துகளும் கப்பலில் அனுப்பியது. உறவின் கடமை அது. ஆயினும் உதவிக் கப்பலைக் கொண்டு ஒரு நாடு ஆண்டு முழுவதும் மருந்துண்ண இயலாது.

நெருக்கடி தணிந்த பின்னும் வேறொரு துன்பம் தலைகாட்டியது. அவசரக் கொள்முதலில் அரசு மருத்துவமனைகளுக்கு வந்த இம்யூனோகுளோபுலின் என்னும் ஊசிமருந்து தரமற்றது என்னும் குற்றச்சாட்டு 2023இல் எழுந்து வழக்காயிற்று. பட்டினி கிடப்பவன் அழுகியதையும் உண்ணத் துணிவது போல, பற்றாக்குறை நேரும் இடத்தில்தான் தரக்கேடு நுழைகிறது.

நமக்குள்ள பங்கு

இலங்கை வாங்கும் மருந்துகளில் பெரும்பங்கு இன்று நம் நாட்டிலிருந்தே செல்கிறது. 1970இல் இயற்றப்பட்டு 1972இல் நடைமுறைக்கு வந்த காப்புரிமைச் சட்டம், மருந்துப் பொருளுக்கன்றி அதனைச் செய்யும் முறைக்கு மட்டுமே காப்புரிமை அளித்தது. அதனால் நம் நாட்டு நிறுவனங்கள் வேறு முறைகளைக் கண்டு மலிவாக மருந்து செய்யக் கற்றன. 2005இல் பொருட்காப்புரிமை மீண்டும் வந்த பின்னரும் அக்கைத்திறன் நம்மிடமே உள்ளது. ஆனால் உலகுக்கு மலிவு மருந்து தரும் நாட்டில் வாழும் நாமே கடையில் பெயரைப் பார்த்து விலை கொடுக்கிறோம் என்பது விந்தையல்லவா?

இலங்கையின் பாடம் நம் வீட்டு அளவிலும் செல்லும். மருத்துவரிடம், "ஐயா, இம்மருந்தின் பொதுப்பெயர் என்ன? விலை குறைந்ததாக எழுதித் தர இயலுமா?" என்று பணிவோடு கேட்பதில் இழுக்கொன்றும் இல்லை. 2008இல் தொடங்கிய மக்கள் மருந்தகங்கள், ஜன் ஔஷதி என்னும் பெயருடன், நாம் வாழும் இவ்வட்டாரங்களிலும் உள்ளன. அங்கே பொதுப்பெயர் மருந்துகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. எனினும் எச்சரிக்கை ஒன்று வேண்டும். வலிப்பு நோய், தைராய்டு கோளாறு, இரத்தம் உறையாமல் காத்தல் ஆகியவற்றுக்கு உண்ணும் மருந்துகளை மருத்துவரைக் கேளாமல் ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றலாகாது. அவற்றில் அளவு சிறிது பிறழினும் தீங்கு நேரும். விலைக்கு அஞ்சி மாத்திரையைப் பாதியாக முறித்து உண்பதும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் உண்பதும் அதனினும் கேடு. அவ்வாறு செய்யும் முதியோர் நம் வீடுகளிலும் இருக்கக்கூடும். அவர்கள் சொல்லமாட்டார்கள், நாம்தான் கேட்டறிய வேண்டும்.

பட்டியல் வேண்டும், மொத்தமாக வாங்கும் ஒற்றுமை வேண்டும், தரம் பார்க்கும் கண் வேண்டும், அவற்றை ஆட்சி மாறினும் மாற்றாத உறுதி வேண்டும், இயன்றவரை தன் மண்ணிலேயே மருந்து செய்யும் ஆற்றலும் வேண்டும். முதல் மூன்றையும் இலங்கை 1970களிலேயே கைக்கொண்டது. பின்னிரண்டும் போதாமையால் 2022இல் அல்லலுற்றது. மருந்தின் விலை விதியால் அமைவதன்று, மனிதர் வகுப்பது. மனிதர் வகுத்ததை மனிதர் மாற்றலாம். சிறு தீவொன்றின் பேராசிரியர் ஒரு பட்டியலைக் கொண்டு அதனை மெய்ப்பித்துக் காட்டினார்.